எழுத்தாணியும் கோபுரமும்: 'பாணி' என்னும் கருத்தின் கதை

'சோழர் பாணி', 'கோதிக் பாணி', 'திராவிட பாணி' என்றெல்லாம் கலை நூல்களில் படித்துச் செல்கிறோம். பாணி என்பது கல்லிலேயே உறைந்திருக்கும் பண்பு என்றும், ஆய்வாளர் அதைக் கண்டு பெயர் சூட்டினர் என்றும் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் அச்சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. அதில் அழகியல் பாதி, அரசியல் பாதி.

'ஸ்டைல்' என்ற சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் 'ஸ்டிலுஸ்'. மெழுகுப் பலகையில் எழுத உரோமர் கைக்கொண்ட கூர்முனைக் கருவி அது. நம் எழுத்தாணிக்கு உறவு. கருவியின் பெயர் எழுதும் முறைக்கு ஆகிவந்தது. நம் இலக்கணம் இதைக் கருவியாகுபெயர் என்னும். எளியது, இடைப்பட்டது, உயர்ந்தது எனப் பேச்சு நடையை மூன்றாகப் பகுத்து, பொருளுக்கேற்ற நடையைப் பேசுவோன் தேர்ந்துகொள்ள வேண்டும் என்றார் சிசரோ. ஆக, நடை என்பது முதலில் ஒருவரின் தேர்வு. இத்தாலியர் கலைக்கு வழங்கிய 'மனியெரா' என்ற சொல்லும் 'கை' என்னும் வேரிலிருந்து பிறந்தது. வடமொழியில் 'பாணி' என்பதற்கும் கை என்று பொருள் இருப்பது சுவையான ஒற்றுமை.

தனிமனிதரின் கையைக் குறித்த சொல் காலத்தையும் இனத்தையும் குறிக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது. 1550இல் ஓவியர், சிற்பியர் வரலாறுகளை எழுதி வெளியிட்ட வசாரி, இடைக்காலக் கட்டடங்களை வெறுத்து, அவை உரோமை அழித்த கோத்தியரின் கைவரிசை என்றார். கோத்தியர் உரோமைச் சூறையாடியது 410இல். கூர்வளைவுகளும் பெருஞ்சாளரங்களும் கொண்ட அக்கட்டடக்கலை முகிழ்த்ததோ பாரிசை அடுத்த சாந்தெனி மடாலயத்தில், 1140களில். இடையே ஏழு நூற்றாண்டுகள்! வசைச்சொல் ஒன்றே கலைச்சொல்லாக நிலைத்துவிட்டது.

1764இல் வெளிவந்த விங்கெல்மன்னின் பண்டைக் கலை வரலாறு அடுத்த திருப்பம். கலைஞர் வாழ்க்கையை விட்டு ஒரு மக்களினத்தின் கலையையே தோற்றம், வளர்ச்சி, வீழ்ச்சி என்ற வரிசையில் வைத்தார் அவர். கிரேக்கச் சிற்பத்தின் மேன்மைக்குத் தட்பவெப்பமும் அரசியல் விடுதலையும் காரணம் என்றார். கிரேக்க மண்ணை அவர் மிதித்ததே இல்லை; அவர் போற்றிய சிற்பங்களுட் பல உரோமானியப் படிகள். எனினும் 'பாணி ஓர் இனத்தின் முகம்' என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

அதன் விளைவைக் கொலோன் பேராலயத்தில் காணலாம். 1772இல் இளைஞரான கதே, ஸ்திராஸ்பூர்க் ஆலயத்தை வியந்து, அதனைச் செருமானியக் கட்டடக்கலை என்று கொண்டாடினார். பல நூற்றாண்டுகளாக அரைகுறையாக நின்ற கொலோன் ஆலயப் பணி 1842இல் தேசியப் பெருமிதத்துடன் மீண்டும் தொடங்கி 1880இல் நிறைவுற்றது. ஆனால் அவ்வாலயத்துக்குப் பிரான்சின் அமியான் ஆலயமே முன்மாதிரி.

பின்வந்த அறிஞர் இக்கருத்தைச் செப்பனிட முயன்றனர். வியன்னா அருங்காட்சியகத்தில் துணிவகைகளைப் பேணிய ரீகல், கொடிக்கோல அலங்காரம் நாடுதோறும் மாறிச் சென்ற தடத்தை 1893இல் ஆராய்ந்தார். வீழ்ச்சி என்று இகழப்பட்ட பிற்கால உரோமானியக் கலைக்கும் தனக்கே உரிய நோக்கம் உண்டு என்று 1901இல் வாதிட்டார். 1915இல் வோல்ஃப்லின் கோடு, வண்ணத்திரள் முதலான ஐந்து எதிரிணைகளால் காணும் முறையின் மாற்றத்தை விளக்கினார்.

இவ்வலை நம் நாட்டின் மீதும் விழுந்தது. நாகரம் சதுரம், திராவிடம் எண்பட்டை, வேசரம் வட்டம் என வடிவங்களைக் கொண்டு கட்டடங்களை வகுத்தன நம் சிற்ப நூல்கள். 1834இல் வெளிவந்த ராம்ராஸ் நூல் அம்மரபை உலகறியச் செய்தது. 1876இல் ஃபெர்குசன் எழுதிய பெருநூலிலோ 'திராவிடம்', 'இந்தோ ஆரியம்' என்பன இனப்பெயர்களாயின. இந்தியக் கலையின் வரலாறு வீழ்ச்சியின் வரலாறு என்பது அவர் முடிபு. 1914இல் ழூவோ துப்ரேய் வேறு வழி சென்றார். தூணின் போதிகை நூற்றாண்டுதோறும் சிறிது சிறிதாக மாறிவந்ததைப் பார்த்துக் கோயில்களுக்குக் காலம் கணித்தார். ஸ்தபதிகளிடமும் கேட்டறிந்தார். முன்னவர் இனத்தைத் தேடினார்; பின்னவர் உளியின் தடத்தைத் தேடினார்.

பாணியை இனத்தோடு பிணைப்பதன் கேட்டினை, நாசிகள் ஆட்சியிலிருந்த 1936இலேயே மேயர் ஷபிரோ சுட்டிக்காட்டினார். கலையில் 'தூய குருதி' தேடியவர்கள் பிறர் படைப்புகளைக் கழிசடை என்று ஒதுக்கிய காலம் அது. பெயர் சூட்டுதல் தீங்கற்ற செயலன்று என்பதை வரலாறு கொடிய முறையில் மெய்ப்பித்தது.

அதற்காகப் பாணி என்ற சொல்லையே துறக்க வேண்டியதில்லை. காலம் கணிக்கவும் ஒப்பிடவும் அது வேண்டும். ஆனால் 'சோழர் பாணி' என்று நாம் சொல்லும்போது அரசரின் பெயர் நிற்கிறது. செய்தவரின் கை மறைகிறது. 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சனின் பெயரும் இருக்கிறது. விமானத்தை அண்ணாந்து பார்க்கும் நாம் அந்தப் பெயரையும் சேர்த்தே படிக்க வேண்டும்.