மென்றால் மூடும் கண்கள்

புதுச்சேரியிலிருந்து கூனிமேடு வழியாக மரக்காணம் போகிறவர்களுக்கு அங்குள்ள உப்பளங்கள் தெரிந்திருக்கும். வெயில் ஏற ஏற பாத்திகளைப் பார்க்கவே கண் கூசும். போதாததற்குக் கடல்காற்று வேறு. நாள் முழுக்க அங்கே உப்பு வாருகிறவர்களின் கண்ணை முதலில் காப்பது இமைதான். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை மூடித் திறந்து, கண்ணைக் கழுவித் துடைத்துவிடுகிறது.

அந்த இமை ஒருநாள் மூடவே மறுத்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் பலருக்கு அப்படி ஆனது. பலர் பார்வையையும் இழந்தார்கள். அதற்கு மருத்துவர்கள் கண்டுபிடித்த வழி கொஞ்சம் விசித்திரமானது.

முதலில் நரம்புகளைப் பார்த்துவிடுவோம். மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் 12 ஜோடி. இமையைத் தூக்குவது மூன்றாம் நரம்பு. இமையை மூடுவதும், சிரிப்பதும், முகம் சுளிப்பதும் ஏழாம் நரம்பின் வேலை. இது காதுக்குக் கீழே வெளிவந்து, கன்னத்தில் ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. முகத்திலும் கண்ணிலும் தூசி பட்டால், வலித்தால், சுட்டால் அந்தச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாம் நரம்பு. இந்த ஐந்தாம் நரம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு: மெல்லும் தசைகளை இயக்குவது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்!

இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் இந்த விஷயம் 200 வருடங்களுக்கு முன் தெளிவாக இல்லை. முகத்தில் தாங்க முடியாத வலி என்று வந்தவருக்கு ஏழாம் நரம்பை அறுத்துவிட்ட மருத்துவர்கள் இருந்தார்கள். வலி போகவில்லை, முகம் மட்டும் கோணிப்போனது. 1821ல் சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இரண்டு நரம்புகளின் வேலையும் வேறு வேறு என்று எழுதினார். மற்றவர்கள் அதைத் திருத்தித் தெளிவாக்கினார்கள். முகவாதத்துக்கு 'பெல்ஸ் பால்சி' என்று பெயர் வந்தது இவரால்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் 1873ல் கண்டுபிடித்தார். ஆனாலும் விரல் மடங்குவதும் கண் போவதும் ஏன் என்பது வெகுகாலம் புரியவில்லை. சதை அழுகுகிறது என்றார்கள், பூர்வஜென்ம பாவம் என்றார்கள். நோயாளியை ஊருக்கு வெளியே தள்ளினார்கள்.

கொல்லிமலையில் 1914ல் பிறந்த பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1946ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். மறுவருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே டாக்டர் ராபர்ட் காக்ரேன் பொறுப்பில் இருந்தார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிராண்ட் பிடித்துப் பார்த்தார். அந்தப் பிடி வலிக்கும் அளவுக்கு பலமாக இருந்தது! அப்படியென்றால் தசை அழுகவில்லை, சில தசைகளுக்குப் போகும் நரம்புதான் செத்திருக்கிறது.

எல்லா நரம்பும் ஏன் சாகவில்லை? தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பகுதிகள்தான் பிடிக்கும். முழங்கை, மணிக்கட்டு என்று நரம்பு தோலுக்கு அருகில் வரும் இடங்களைத் தாக்கும். முகத்திலும் அதே கதை. ஏழாம் நரம்பின் கிளை கன்ன எலும்பின் மேல், தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அது அடிபட்டால் கண் மூடாது. ஐந்தாம் நரம்பின் கண் கிளையும் கெட்டுப்போனால் தூசி விழுந்தாலும் தெரியாது. கருவிழி காய்ந்து, புண்ணாகி, வெளுத்துவிடும். வலியே இல்லாமல் பார்வை போய்விடும்!

மருந்து வந்தும் இது தீரவில்லை. டாப்சோன் கிருமியைக் கொல்லும், செத்த நரம்பை எழுப்பாது. அதனால்தான் கடன் வாங்க வேண்டியிருந்தது. கணக்குப் பாஷையில் சொன்னால், ஒரு கணக்கு திவால் என்றால் இன்னொரு கணக்கிலிருந்து பணத்தை மாற்றுவது மாதிரி.

நெற்றிப்பொட்டில் விரலை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். ஒரு தசை புடைக்கும். அது மெல்லும் தசை, அதன் நரம்பு ஐந்தாவது. கண்ணின் உணர்ச்சி போனாலும், ஆழத்தில் ஓடும் இந்தக் கிளை பெரும்பாலும் தப்பிவிடும். அந்தத் தசையில் ஒரு பட்டையைத் திருப்பி, மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் உள்ளே கொண்டுபோய்க் கண்ணின் மூக்கோர முனையில் தைத்துவிடுவார்கள். ஹரால்ட் கில்லீஸ் 1934ல் எழுதிய முறை இது. வேலூரில் இதைத் தொழுநோயாளிகளுக்குச் செய்தார்கள். பிராண்டின் மனைவி மார்கரெட் கண் மருத்துவர். வேலூரிலும், 1955ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் இந்தக் கண்களுக்காகவே உழைத்தவர்.

இப்போது நோயாளி மென்றால் கண் மூடும். சாப்பிடும்போது ஒவ்வொரு கவளத்துக்கும் இமை அசையும். ஆனால் கண்ணில் உணர்ச்சி இல்லாதவருக்கு "மூடு" என்று உடம்பு சொல்லாது. அவரே ஞாபகம் வைத்து அடிக்கடி மெல்ல வேண்டும். நாம் யோசிக்காமல் செய்வதை அவர் தினமும் யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. பார்வை போவதை ஒப்பிட்டால் அது சின்ன விலைதான்.

1981ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 2005 இறுதியில் இந்தியாவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலை வந்தது. ஆனால் நோய் ஒழிந்துவிடவில்லை, புது நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். இமை பலவீனமாகி ஆறு மாதத்துக்குள் வந்தால், ஸ்டீராய்டு மாத்திரையிலேயே நரம்பு பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைத்தால் அந்த ஆறு மாதம் போய்விடும்.

உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தாலோ, கண்ணை மூடும்போது இடைவெளி தெரிந்தாலோ உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். தொழுநோய்க்கான மருந்து அங்கே இலவசம்தான்.