பழைய டேர்போ கார்களும் இன்ஜெக்டர் மாற்றமும்

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில், 2022 ஜூனில் ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டது. அதன்பின் வந்த கியூ.ஆர். முறையில் ஒரு காருக்கு வாரத்திற்கு 20 லீற்றர் என ஒதுக்கப்பட்டது. புதிய கார் வாங்க வழியில்லை, பழைய காருக்கு ஊற்றவும் பெற்றோல் இல்லை என்ற அந்த நாட்களில் கராச்சுகளில் பலவிதமான சிக்கன வைத்தியங்கள் பேசப்பட்டன. அவற்றுள் ஒன்றைப் பற்றி நண்பர்கள் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். ஸ்டார்லட் ஜீ.ரி. போன்ற பழைய டேர்போ கார்களின் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, வேறு காரின் சிறிய இன்ஜெக்டர்களைப் பூட்டினால் பெற்றோல் மிச்சமாகுமா என்பதே அந்தக் கேள்வி. துவாரம் சிறுத்தால் குடிப்பதும் குறையும் என்பது அவர்கள் தர்க்கம்.

இதற்கு விடை காண்பதற்கு, இந்தக் கார்கள் ஏன் அவ்வளவு குடித்தன என்பதை முதலில் அறிய வேண்டும். அது தற்செயலாக நேர்ந்த குறையல்ல. பொறியியலாளர்கள் தெரிந்தே செய்த ஏற்பாடு.

டேர்போவும் இன்ஜெக்டரும் தனித்தனியே பிறந்தவை. வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழற்றி, அதனால் இயந்திரத்திற்குள் மேலதிக காற்றைத் திணிக்கலாம் என்ற எண்ணத்திற்கு சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரெட் பூக்கி 1905 இல் காப்புரிமம் பெற்றார். எரிபொருளைப் பீச்சும் கலை டீசல் இயந்திரத்தோடு வளர்ந்தது. ருடொல்ப் டீசல் 1897 இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரத்தில் அமுக்கிய காற்றே எரிபொருளை உள்ளே தள்ளியது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1927 இல் பீச்சும் பம்புகளைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் இயந்திரம் லொறிக்கும் காருக்கும் ஏற்றதாயிற்று. பெற்றோல் கார்களுக்கோ நெடுங்காலம் காபரேற்றரே போதுமாக இருந்தது.

காபரேற்றர் கொஞ்சம் பெருந்தன்மையானது. 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏ-40 களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் இதனை அறிவர். சில துளி பெற்றோலைக் கொடுத்து உயிர்ப்பித்துவிட்டால், சூடேறிய இயந்திரம் மண்ணெண்ணெயையும் ஏற்றுக்கொள்ளும். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கார்களின் அமுக்க விகிதம் 7 இற்கு 1 என்ற அளவை அண்டியது. கலவையை அதிகம் நெருக்காத இயந்திரம், தரங்குறைந்த எரிபொருளுக்கும் 'நொக்' அடிக்காது.

டேர்போவின் பிரச்சினையும் இந்த 'நொக்' தான். காற்றைத் திணித்தால் சிலிண்டரில் அமுக்கமும் வெப்பமும் ஏறும். தீப்பொறியால் பற்றிய சுவாலை பரவி முடிவதற்குள் எஞ்சிய கலவை தானாகவே வெடித்துப் பிஸ்ரனைத் தாக்கும். 1962 இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் 'ஜெற்பயர்' என்ற டேர்போ காரை வெளியிட்டபோது, வடிநீரும் மெதனோலும் கலந்த திரவத்தைத் தனித் தாங்கியில் வைத்துப் பீச்சி இயந்திரத்தைக் குளிர்வித்தது. பலர் அந்தத் தாங்கியை நிரப்ப மறந்தார்கள். திரவம் தீர்ந்ததும் கார் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. வாங்கியவர்கள் முறைப்பாட்டோடு திரும்பி வர, இரண்டே ஆண்டுகளில் அந்தக் கார் சந்தையிலிருந்து மறைந்தது.

அடுத்து வந்தவர்கள் தனித் தாங்கியைக் கைவிட்டார்கள். பெற்றோலையே குளிர்விக்கும் திரவமாகப் பயன்படுத்தினார்கள். ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிவதற்கு நிறைப்படி 14.7 பங்கு காற்று வேண்டும். டேர்போ முழுமூச்சில் ஊதும்போது இந்த விகிதத்தை 12 இற்கு 1 அளவிற்கு இறக்கிவிட்டால், மிகையான பெற்றோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அது எரிவதற்காகப் பீச்சப்படுவதன்று, பிஸ்ரனைக் காப்பதற்காகப் பீச்சப்படுவது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2002 டேர்போவை 1973 செப்ரெம்பரில் காட்சிக்கு வைத்தது. அடுத்த மாதமே எண்ணெய் நெருக்கடி வெடித்தது. 1,672 கார்களோடு அதன் கதை முடிந்தது. இதைவிடக் கெட்ட நேரத்தில் ஒரு கார் பிறந்திருக்க முடியாது.

டேர்போவை அன்றாடப் பாவனைக்குரியதாக்கியது சுவீடனின் சாப் நிறுவனம். 1978 இல் விற்பனைக்கு வந்த சாப் 99 டேர்போவின் 2 லீற்றர் இயந்திரம் 145 குதிரை வலுவைத் தந்தது. ஆனால் 'நொக்' கைத் தவிர்க்க அதன் அமுக்க விகிதத்தை 7.2 இற்கு இறக்க வேண்டியிருந்தது. நமது ஏ-40 இன் அளவிற்கே திரும்பி வந்தார்கள் எனலாம்! அமுக்க விகிதம் குறைந்தால் ஆறுதலாக ஓடும்போதும் எரிபொருள் வீணாகும். 1982 இல் சாப் பொறியியலாளர் பேர் ஜில்பிரண்டின் ஏ.பி.சி. முறை, 'நொக்' கைச் செவிமடுத்து டேர்போவின் அமுக்கத்தைத் தானே அடக்கியது. அதனால் விகிதத்தை 8.5 இற்கு உயர்த்த முடிந்தது. சிக்கனத்திற்கான வழி அங்கே திறந்தது. இன்ஜெக்டரைச் சிறிதாக்கி அல்ல.

இனி இன்ஜெக்டருக்கு வருவோம். இலத்திரனியல் முறையில் இன்ஜெக்டர் ஒரு சிறு மின்காந்த வால்வு மட்டுமே. அது எத்தனை ஆயிரத்திலொரு செக்கன் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. வெளியே வந்த பெற்றோலை அளந்து பார்ப்பதில்லை. எரிந்த பின் புகையில் மிஞ்சும் ஒட்சிசனைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் உணரி 1976 இல் அமெரிக்காவுக்கான வொல்வோ கார்களில் முதன்முதலில் வந்தது. இத்தகைய காரில் சிறிய இன்ஜெக்டரைப் பூட்டினால் என்ன நடக்கும்? சாதாரண ஓட்டத்தில் பெற்றோல் போதவில்லை என்று உணரி சொல்லும். கணினி இன்ஜெக்டரை இன்னும் சற்று நேரம் திறந்து வைக்கும். மிச்சம் எதுவுமில்லை. ஏற்றத்தில் மிதித்தாலோ நிலைமை வேறு. அப்போது பழைய கணினி உணரியைக் கேட்பதில்லை, தன்னிடம் எழுதி வைத்த அட்டவணைப்படியே நடக்கும். இன்ஜெக்டர் முழுநேரம் திறந்திருந்தும் பெற்றோல் போதாது. குளிர்விக்க வந்த மிகைப் பெற்றோல்தான் முதலில் குறையும். பிஸ்ரனின் தலை உருகுவது இப்படித்தான். சேமிக்க எண்ணிய சில நூறு ரூபாவுக்காக ஓர் இயந்திரத்தையே இழக்க நேரும்.

அப்படியாயின் மாற்றத்தால் பயனே இல்லையா? உண்டு. பழைய இன்ஜெக்டர்களில் பெரும்பாலானவை ஒற்றைத் துவாரத்தால் பீச்சுபவை. பின்னர் வந்தவை நான்கு, பன்னிரண்டு துவாரங்களால் நுண்ணிய தூறலாகத் தூவுகின்றன. நிமிடத்திற்குப் பாயும் அளவும் மின்தடையும் பழையதோடு ஒத்திருந்தால், குளிர்ந்த இயந்திரத்தை இயக்கும்போதும் மெல்லோட்டத்திலும் எரிதல் சீராகும். மின்தடை ஒத்துப்போகாவிடில் ஆபத்து. 12 முதல் 16 ஓம் வரையிலான இன்ஜெக்டருக்காக அமைந்த கணினியில் 2, 3 ஓம் உள்ளதைப் பூட்டினால் கணினியே கருகலாம்.

ஆனால் என் கணிப்பில், முப்பது ஆண்டு ஓடிய காரில் உண்மையான விரயம் வேறிடத்தில் இருக்கிறது. நான்கு இன்ஜெக்டர்களில் ஒன்று அழுக்கால் பாதி அடைபட்டிருந்தால், பொதுக் குழாயிலுள்ள ஒற்றை உணரி நான்கின் சராசரியையே காணும். கணினி நான்கிற்கும் பெற்றோலைக் கூட்டும். மூன்று சிலிண்டர்கள் வீணே குடிக்க, நான்காவது தாகத்தோடு காயும். நான்கையும் கழற்றி, அதிர்வொலித் தொட்டியில் கழுவி, பாயும் அளவைச் சோதனை மேசையில் ஒப்பிட்டுப் பார்ப்பதே முதல் வேலை. தேறாவிட்டால் நான்கையும் ஒரே தொகுதியாக மாற்றலாம்.

டேர்போ டீசல் வான் வைத்திருப்போருக்கும் ஒரு சொல். 1997 இல் அல்பா றோமியோ 156 உடன் கார்களுக்கு வந்த கொமன் ரெயில் முறையில் எரிபொருள் 1,350 பார் அமுக்கத்தில் பீச்சப்பட்டது. இந்த வகை இன்ஜெக்டர்கள் பலவற்றில் அவற்றின் தலையிலேயே ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் அளந்த அதன் நுண்ணிய வேறுபாடு அது. அந்தக் குறியீட்டைக் கணினியில் பதியாமல் பூட்டினால், புதிய இன்ஜெக்டரையும் பழையதன் கணக்கிலேயே கணினி நடத்தும். மெல்லோட்டத்தில் வான் குலுங்கி, பின்னால் கரும்புகை கக்கும். பதிவதற்கு வேண்டிய கருவி உள்ள கராச்சா என்பதைக் காசு கொடுக்கும் முன்னர் கேட்டுக்கொள்ளுங்கள்.