திருகு

முறுக்குதலைக் குறிக்கும் திருகு என்னும் வேரிலிருந்து காதுத்தோட்டின் திருகாணியும் மாவரைக்கும் திருகையும் பிறந்தன. இவற்றுள் அச்சைச் சுற்றிக்கொண்டே அச்சின் வழியே நகரும் திருகாணியின் வரை புரி எனப்படும், ஒரு சுற்றில் அது கடக்கும் தொலைவு புரியிடைத்தூரம் எனப்படும். புரியின் வடிவை இலங்கையின் மலைநாட்டிலும் காணலாம்: 1924இல் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை, தெமோதரை நிலையத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு நேர் கீழேயுள்ள சுரங்கத்தினுள் நுழைவதால், மேல் தண்டவாளத்துக்கும் கீழ்த் தண்டவாளத்துக்கும் இடையிலான உயரத்தையே இப்பெரும் புரியின் புரியிடைத்தூரமாகக் கொள்ளலாம்.

கப்பலின் உந்துசுழலியை மாலுமிகள் திருகு என்றே வழங்குவது வெறும் உவமையன்று. சாய்ந்த இதழ்கள் ஒவ்வொன்றும் புரியொன்றின் துண்டே. அவை நீரைப் பின்தள்ள, எதிர்விசை கப்பலை முன்தள்ளுகிறது. மரத்தில் இறங்கும் திருகாணி புரியிடைத்தூரம் முழுவதையும் கடக்க, நெகிழும் நீரிலோ கப்பல் சற்றுக் குறைவாகவே நகரும்; அக்குறைவு நழுவல் எனப்படும். 1836இல் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் காப்புரிமை பெற்ற திருகு மெய்யாகவே நீண்ட புரியாக இருந்தது. மறு ஆண்டு, கால்வாய்ச் சோதனையொன்றில் அதன் பாதி முறிந்து விழ, படகு முன்னிலும் விரைந்தோடியது. இதழ்கள் குறுகத் தொடங்கியது அதன் பின்னரே.