28 டாலர் 12½ சென்ட்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். லேத் பட்டறையில் நாள் கூலிக்கு வேலை பார்க்கிறார். வீட்டுக்குப் பின்னால் விறகும் தட்டுமுட்டுச் சாமானும் போட்டுவைக்க ஒரு சின்ன ஷெட் போடப் போகிறாராம். "ஆள் விடாம நானும் வீட்டுக்காரியுமே போட்டுடலாம்னு இருக்கோம் டீச்சர். பத்து நாள் லீவு சொல்லிட்டேன். நாமளே போட்டா எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். சிமென்ட் விலையும் தகர ஷீட் விலையும் என்னைவிட அவருக்குத்தான் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு மனிதர் அரை சென்ட் சுத்தமாகக் கணக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கான்கார்டு என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர் ஹென்றி டேவிட் தோரோ. 1837-ல் ஹார்வர்டில் படித்து முடித்து, உடனே உள்ளூர்ப் பள்ளியில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தார். பிள்ளைகளை அடித்துத்தான் பாடம் நடத்த வேண்டும் என்று மேலிடம் சொன்னது. இரண்டே வாரத்தில் வேலையை விட்டுவிட்டார். (பிரம்பில்லாமல் வகுப்பு நடத்த முடியுமா என்று அந்தக் காலத்தில் எங்கள் ஆசிரியர் அறையிலும் பட்டிமன்றம் நடக்கும். இது இன்னொரு நாள் பதிவுக்கு.) பிறகு அண்ணன் ஜானோடு சேர்ந்து பிரம்பில்லாத பள்ளி ஒன்றை 1841 வரை நடத்தினார். குடும்பத் தொழில் பென்சில் செய்வது. 1844-ல் அப்பாவோடு சேர்ந்து சொந்த வீடு கட்டினார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உளியும் சுத்தியலும் அவருக்குப் புதிதல்ல.

1845 மார்ச் கடைசியில் ஒரு கோடாலியை இரவல் வாங்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே வால்டன் குளக்கரைக் காட்டுக்குப் போனார். அவருக்கு வயது 27. பைன் மரங்களை வெட்டி, முக்கியமான தூண்களையும் உத்தரங்களையும் ஆறு அங்குலச் சதுரமாகச் செதுக்கினார். மற்றச் சட்டங்களில் தேவையான பக்கத்தை மட்டும் செதுக்கிவிட்டு, பட்டையை அப்படியே விட்டார். வேலை மிச்சம், மரமும் பலமாக இருக்கும். மே மாத ஆரம்பத்தில் நண்பர்கள் வந்து கைகொடுக்கச் சட்டம் எழும்பியது. பலகை அடித்துக் கூரை போட்டதும் ஜூலை 4-ஆம் தேதி குடிபோனார். புகைபோக்கியும் சுவர்ப் பூச்சும் குளிர்காலத்துக்கு முன்பு முடிந்தன. அதுவரை வெளியே தரையில் அடுப்பு மூட்டிச் சமையல்.

அளவு 10 அடிக்கு 15 அடி. நம் ஊரில் மாட்டுக்கொட்டகை இதைவிடப் பெரிதாக இருக்கும். மிச்சப்பட்ட சாமானை வைத்துப் பக்கத்திலேயே விறகுக் கொட்டகை ஒன்றும் போட்டுக்கொண்டார்.

இப்போது கணக்குக்கு வருவோம். பலகை 8 டாலர் 3½ சென்ட். கூரைக்கும் சுவருக்கும் கழிபட்ட மரச்சில்லுகள் 4 டாலர். பூச்சு பிடிக்கச் சுவரில் அடிக்கும் மெல்லிய மரப்பட்டைகள் 1.25. கண்ணாடியோடு இரண்டு பழைய ஜன்னல் 2.43. பழைய செங்கல் ஆயிரம் 4 டாலர். சுண்ணாம்பு இரண்டு பீப்பாய் 2.40, இது அதிக விலை என்று அவரே குறித்திருக்கிறார். பூச்சில் கலக்க மயிர் 31 சென்ட், இது தேவைக்கு மேல் வாங்கிவிட்டாராம். கணப்பின் மேல் வைக்கும் இரும்பு 15 சென்ட். ஆணி 3.90. கீலும் திருகும் 14 சென்ட். தாழ்ப்பாள் 10 சென்ட். சாக்கட்டி 1 சென்ட். வண்டிக் கூலி 1.40, ஒரு நல்ல பங்கை முதுகில் சுமந்ததால்தான் இவ்வளவு குறைவு. ஆக மொத்தம் 28 டாலர் 12½ சென்ட். நானும் கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது. சதுர அடிக்கு 18¾ சென்ட். அந்த அரை சென்ட் வேடிக்கைக்கு எழுதியதல்ல. 1857 வரை அமெரிக்காவில் அரை சென்ட் நாணயமே அடித்தார்கள்.

சாக்கட்டிக்கு ஒரு சென்ட் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு அந்த மனிதர் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. மயிர் எதற்கு என்று கேட்பீர்கள். சுண்ணாம்புப் பூச்சு வெடிக்காமலிருக்க மாட்டு மயிரைக் கலப்பார்கள். நம் பெரியவர்கள் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த நீரைக் கலந்தார்கள். ஊருக்கு ஊர் கைப்பக்குவம்.

இந்தத் தொகை எவ்வளவு சின்னது என்பதையும் அவரே காட்டுகிறார். ஹார்வர்டு மாணவர் ஓர் அறைக்கு வருஷ வாடகை 30 டாலர் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் சாதாரண வீட்டுக்கு 800 டாலர் ஆகும். நாளுக்கு ஒரு டாலர் சம்பாதிக்கும் தொழிலாளி அதைச் சேர்ப்பதற்குள் பத்துப் பதினைந்து வருஷம் ஓடிவிடும். தோரோவின் வீடோ 28 நாள் கூலி. கேட்க ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் நான் முப்பது வருஷம் கணக்கு நோட்டில் சிவப்பு மை போட்டவள். விடை சரியென்றாலும் வழிமுறையைப் பார்க்காமல் விடமாட்டேன்.

முதலில் நிலம். அது அவருடையதல்ல. நண்பரும் பெரிய எழுத்தாளருமான எமர்சன் வாங்கிப் போட்டிருந்த காடு. மரம், கல், மணல் மூன்றையும் கணக்கில் சேர்க்கவில்லை என்று தோரோவே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். அதில் குறையில்லை. அடுத்தது கூலி. கட்டியது நானே, அதனால் கூலி இல்லை என்கிறார். மார்ச் முதல் ஜூலை வரை இடையிடையே செய்த வேலை. அதில் முழு வேலை நாற்பது நாள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால்கூட, நாளுக்கு ஒரு டாலர் வீதம் 40 டாலர். சாமான் விலையைவிடக் கூலி அதிகம்! சட்டம் தூக்க வந்த நண்பர்களின் உழைப்பு தனி. பெண்டாட்டி பிள்ளை இல்லாத 27 வயது ஆளுக்கு அந்த நாட்களை இலவசம் என்று எழுத முடிந்தது. லேத் பட்டறையில் பத்து நாள் கூலி போனால் பால்காரருக்கும் மளிகைக்கும் யார் பதில் சொல்வது? செங்கல் சுமக்கப்போகும் வீட்டுக்காரியின் பத்து நாளை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

இதே புத்தகத்தில் தோரோ எட்டு மாதச் சாப்பாட்டுச் செலவை 8 டாலர் 74 சென்ட் என்று எழுதுகிறார். துணி வெளுப்பதும் கிழிசல் தைப்பதும் பெரும்பாலும் வெளியே நடந்தன, அந்தப் பில் இன்னும் வரவில்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி சேர்க்கிறார். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுப் பெண்கள் செய்யும் வேலைக்கு எந்தக் காலத்தில் பில் வந்திருக்கிறது?

இன்னொரு விஷயம்தான் என் மனதை உறுத்துவது. பலகை எங்கிருந்து வந்தது? ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துக்காரர் ரயில் பாதை வேலைக்கு வந்து, அங்கே ஒரு குடிசை போட்டுக் குடும்பத்தோடு இருந்தார். ஃபிட்ச்பர்க் ரயில் 1844-ல் கான்கார்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பாதை போட்டவர்கள் அடுத்த வேலையைத் தேடி நகர வேண்டியதுதான். தோரோ அந்தக் குடிசையை 4 டாலர் 25 சென்டுக்கு விலை பேசினார். பலகைக் கணக்கில் பாதிக்கு மேல் இதுதான். மறுநாள் காலை 5 மணிக்குக் காலி செய்ய வேண்டும், 6 மணிக்கு இவர் எடுத்துக்கொள்வார். 6 மணிக்கு அந்தக் குடும்பம் வழியில் எதிரே வந்தது. படுக்கை, காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரம், முகம் பார்க்கும் கண்ணாடி, கோழிகள், எல்லாம் ஒரே பெரிய மூட்டையாக. பூனை மட்டும் வரவில்லை. அது காட்டுக்குள் ஓடி, பிறகு பொறியில் சிக்கிச் செத்தது.

அன்றே குடிசையைப் பிரித்து, ஆணிகளைப் பிடுங்கி, பலகைகளைச் சின்ன வண்டியில் கொண்டுபோய் வெயிலில் பரப்பி நிமிர்த்தினார். அவர் வண்டியோடு போய்வரும் இடைவெளியில் சீலி என்ற பக்கத்து ஆள் நல்ல ஆணிகளை எல்லாம் பொறுக்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாராம். கணக்கில் ஆணி 3 டாலர் 90 சென்ட், கிட்டத்தட்ட நாலு நாள் கூலி. அதில் ஒரு பங்கு அந்தச் சட்டைப்பைக்குள் போயிருக்கும்.

தோரோ இதையெல்லாம் மறைக்கவில்லை. பூனை செத்தது வரை அவர் எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது. ஆனால் காலின்ஸ் குடும்பத்துக்கு அன்று இரவு கூரை எங்கே கிடைத்தது என்பதற்குக் கணக்கில் ஒரு வரியும் இல்லை. ஒருவருக்குச் சல்லிசாகக் கிடைக்கிற பழைய சாமானுக்குப் பின்னால் பெரும்பாலும் அவசரத்தில் விற்ற இன்னொருவர் இருக்கிறார். நம் ஊரில் பழைய நிலைக்கதவு விலை பேசியவர்களுக்கு இது தெரியும்.

தோரோ அங்கே இருந்தது 2 வருஷம், 2 மாதம், 2 நாள். நடுவே 1846-ல் வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தார். அதிலிருந்து பிறந்த கட்டுரையை 1907-ல் தென்னாப்பிரிக்காவில் காந்தி தம் பத்திரிகை வாசகர்களுக்கு அறிமுகம் செய்தார். குளக்கரை வாழ்க்கையைச் சொல்லும் 'வால்டன்' புத்தகம் 1854-ல் வெளிவந்தது.

வீடு என்ன ஆயிற்று? 1847 செப்டம்பரில் தோரோ வெளியேறியதும் எமர்சனுக்குப் போனது, அவரிடமிருந்து தோட்டக்காரருக்கு. 1849-ல் கிளார்க் என்ற விவசாயக் குடும்பம் வாங்கி, ஊரின் மறுபக்கத்தில் இருந்த தங்கள் நிலத்துக்கு இழுத்துப் போய்த் தானியம் கொட்டிவைத்தது. உலகம் முழுக்கப் பேர் வாங்கிய வீடு கடைசியில் சாமான் ஷெட்டாகத்தான் பிழைத்தது. 1868-ல் கூரையைப் பிரித்துப் பன்றிக் கொட்டகைக்குப் போட்டார்கள். மிச்ச மரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பண்ணை வேலைகளுக்குப் போய்விட்டது. 28 டாலர் சாமானில் ஒரு பலகைகூட வீணாகவில்லை பாருங்கள்.

வீடு நின்ற சரியான இடம் எது என்பதே தெரியாமல் போனது. நூறு வருஷம் கழித்து, 1945-ல் ரோலண்ட் ராபின்ஸ் என்பவர் குளக்கரையில் தோண்டித் தேடினார். அவர் கண்டுபிடித்தது புகைபோக்கியின் கல் அஸ்திவாரத்தை. தோரோ குளத்திலிருந்து இரண்டு வண்டி அளவு கல்லை மேட்டுக்குக் கைகளிலேயே தூக்கி வந்து கட்டியது அது. கணக்கில் அந்தக் கல்லுக்கு விலை போடவில்லை.