டூகோ, ரேடியம், ராப் - வண்டி நிறம் மாறிய கதை



மலருக்குக் கட்டுரை என்றால் விடுதி மெஸ், கலைவிழா, பிரியாவிடை என்றுதான் நம்மில் பலரும் எழுதுவோம். நான் இயந்திரவியல் படித்தவன். எனவே சைக்கிள் ஸ்டாண்டைப் பற்றி எழுதுகிறேன். மன்னர்களுக்கும் போர்களுக்கும் மட்டும்தான் வரலாறா என்ன? பைக் டேங்க்கின் மேல் இருக்கும் நிறத்துக்கும் ஒரு வரலாறு உண்டு.

டூகோ காலம்

ஊரில் ஸ்பிரே பெயின்ட் அடிப்பவரை 'டூகோ பெயின்டர்' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். டூகோ என்பது ஒரு கம்பெனி தன் பெயின்டுக்கு வைத்த பெயர். மோட்டார் வாகனங்களின் தொடக்க காலத்தில் ஒரு காருக்குப் பெயின்ட் அடித்துக் காய வைக்க வாரக்கணக்கில் ஆகும். 1923-இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 'டூகோ' என்ற பெயரில், சீக்கிரம் காயும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்கள் அதை முதலில் பூசிக்கொண்டன. வாரங்கள் எடுத்த வேலை சில நாட்களுக்குள் முடிந்தது. விதவிதமான நிறங்களும் மலிவாகக் கிடைத்தன. நம் ஊர் பட்டறைக்கு வந்தபோது கம்பெனி மறந்துபோய், பெயர் மட்டும் தொழிலின் பெயராகத் தங்கிவிட்டது.

எங்கள் காலத்தில் பைக்கின் அழகு என்றால் இந்த டூகோதான். 1955 முதல் சென்னையில் தயாரான புல்லட்டின் டேங்க்கில் ஓடும் தங்கக் கோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அது கையால் இழுத்த கோடு. ஸ்கேல் கிடையாது, அச்சு கிடையாது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் பிரஷ் பிடித்தவரின் மூச்சு ஒரு கணம் தடுமாறினால் கோடும் தடுமாறும்!

1984-இல் ஓசூரிலிருந்து இந்த்-சுசுகியும், 1985-இல் யமஹா ஆர்.எக்ஸ்.100-உம் வந்தன. மாணவர்களுக்குப் பைத்தியமே பிடித்தது. வண்டி வாங்கியவன் முதலில் போன இடம் கோயில். அடுத்தது கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த ஆர்ட்டிஸ்ட் அண்ணன் கடை.

ரேடியம் காலம்

அண்ணனை எங்கள் செட்டில் எல்லோருக்கும் தெரியும். எனாமல் டப்பா, அணில் முடி பிரஷ், கை நடுங்காமல் இருக்க ஒரு தாங்குகோல். அவ்வளவுதான் முதலீடு. நம்பர் பிளேட், டேங்க்கில் பெயர், மட்கார்டில் அம்மன் துணை, முருகன் துணை என்று எல்லாம் எழுதுவார். "அண்ணே, கொஞ்சம் ஸ்டைலா எழுதுங்கண்ணே" என்றால், "போலீஸ் பிடிச்சா நீ என் பேரச் சொல்லக் கூடாதுடா" என்று சிரிப்பார்.

பிறகு 'ரேடியம் கட்டிங்' வந்தது. இதுவும் வேடிக்கையான பெயர்தான். அந்த ஸ்டிக்கரில் ரேடியம் என்ற தனிமம் துளியும் கிடையாது. கியூரி தம்பதியர் 1898-இல் ரேடியத்தைக் கண்டுபிடித்த பின், இருட்டில் ஒளிரும் கடிகார முட்களுக்கு அதைப் பூசினார்கள். அதனால் இருட்டில் மின்னும் எல்லாமே நமக்கு 'ரேடியம்' ஆகிவிட்டது. உண்மையில் அந்த ஸ்டிக்கரின் வேலையைச் செய்வது நுண்ணிய கண்ணாடி மணிகள். வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். த்ரீ எம் நிறுவனத்தின் அத்தகைய தாளில் செய்த முதல் சாலைப் பலகை 1939-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் நின்றது.

பசையோடு வரும் லேபிளை ஸ்டான்டன் ஏவரி என்பவர் 1935-இல் தொடங்கினார். பி.வி.சி.யை வளையக்கூடிய பொருளாக்கும் வழியை வால்டோ செமன் 1926-இல் கண்டார். நம் மேட்டூரில் தயாராகிறதே, அதே பி.வி.சி. குடும்பம்தான். இரண்டும் சேர்ந்ததுதான் வினைல் ஸ்டிக்கர். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் எழுத்தை வெட்டும் இயந்திரம் வந்தது. நம் ஊர்களுக்கு அது 1990-களில் வந்து சேர்ந்தது.

அண்ணன் ஒரு மணி நேரம் எழுதியதை இயந்திரம் சில நிமிடத்தில் வெட்டித் தள்ளியது. பிரஷ் பிடித்த கைகள் ஊர் ஊராக வேலை இழந்தன. மிச்சமிருந்த நம்பர் பிளேட் வேலையும் பின்னாளில் போயிற்று. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகள் எல்லாம் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டோடுதான் வர வேண்டும் என்றானது. சட்டத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கைகளை யார் நினைத்தார்கள்?

ராப் காலம்

போன ஆண்டு கல்லூரிப் பக்கம் போனபோது ஒரு தம்பியின் வண்டியைப் பார்த்து, "பெயின்ட் பிரமாதமா இருக்கேப்பா" என்றேன். "பெயின்ட் இல்ல சார், ராப்" என்றான். யார் செய்தது என்று கேட்டால், கையை நீட்டிக் காட்டிய இடம் அதே அண்ணன் கடை! இப்போது மகன் நடத்துகிறார். எழுபதைத் தாண்டிய அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வை.

வண்டி முழுவதையும் வினைல் படலத்தால் போர்த்தும் இந்தப் பழக்கத்துக்கு ஜெர்மானிய டாக்சிகளும் ஒரு காரணம். அங்கே டாக்சி என்றால் தந்த வெள்ளை நிறம்தான் இருக்க வேண்டும் என்று அப்போது சட்டம் இருந்தது. அந்த நிறத்தில் பழைய காரை விற்பது கஷ்டம். எனவே பெயின்டுக்குப் பதிலாக ஒட்டிப் பிறகு உரித்துவிடக்கூடிய படலத்தை பிரிட்டனின் கே.பி.எம்.எஃப். நிறுவனம் 1993-இல் செய்து கொடுத்தது. டாக்சி ஓய்வு பெற்றதும் உரித்தால், அடியில் புத்தம் புதுப் பெயின்ட்!

படலத்தில் இரண்டு சாதி உண்டு. மெஸ் பாஷையில் சொன்னால் ஒன்று தோசை, மற்றது சப்பாத்தி. 'காஸ்ட்' படலம் மாவு போல ஊற்றி, அடுப்பில் காய வைத்து எடுப்பது. ஏறத்தாழ 50 மைக்ரான் கனம்தான். உள்ளே இழுவிசை இல்லாததால் டேங்க்கின் வளைவுக்கு இணங்கிப் படியும். 'காலண்டர்டு' படலம் சூடான உருளைகளுக்கு நடுவே தேய்த்து எடுப்பது. தேய்த்த சப்பாத்தி சுருங்குவது போல வெயில் பட்டால் சுருங்கப் பார்க்கும், ஓரம் தூக்கும். சமதளப் பலகைக்குச் சரி, டேங்க்குக்கு ஆகாது. விலை குறைவு என்று இதை ஒட்டிக்கொண்டு பிறகு ராப்பையே திட்டுபவர்கள் உண்டு.

தம்பிகளுக்குச் சில வார்த்தைகள்

முதலாவது, ராப் என்பது பழுதை மறைக்கும் போர்வை அல்ல. துருவும் உப்பலும் அப்படியே மேலே தெரியும். மட்டமாக மறுபெயின்ட் அடித்த வண்டியில் ஒட்டினால், உரிக்கும்போது பெயின்டும் கூடவே வரும். கம்பெனி பெயின்ட் நன்றாக இருந்தால் மட்டும் ஒட்டுங்கள்.

இரண்டாவது, பெட்ரோல் மூடியைச் சுற்றிக் கவனம். சிந்திய பெட்ரோலை உடனே துடைக்காவிட்டால் பசை இளகும். சைலன்சர் பக்கம் ஒட்டவே வேண்டாம்.

மூன்றாவது, ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கிறது. மாற்றங்களைப் பற்றி 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பேசுகிறது. முழு நிறமும் மாறுமானால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்காவது, அப்பாவின் பழைய ஆர்.எக்ஸ்.100 வீட்டில் இருந்தால், நிறம் பிடிக்கவில்லை என்று சுரண்டிவிடாதீர்கள். அந்த வண்டியின் தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது. மூலப் பெயின்ட் ஒருமுறை போனால் போனதுதான். ஆசை தீர ஒட்டிக்கொள்ளுங்கள். அடியில் அப்பாவின் நிறம் பத்திரமாக இருக்கட்டும்.

அண்ணனிடம், "மெஷின் வந்து உங்க பொழப்பக் கெடுத்துருச்சேண்ணே" என்று கேட்டேன். "தம்பி, கம்ப்யூட்டர் எழுத்த வெட்டும். டேங்க்க போத்துமா?" என்றார். அன்று மகன் ஹீட் கன்னால் படலத்தை இளக்கி, ஒரு கையால் இழுத்து, மறு கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை விரல்தான் அறியும். அந்த விரல்களை எழுத்துப் பழக்கியவர் அண்ணன். பிரஷ்ஷிடம் இருந்து வேலையைப் பிடுங்கியதும் வினைல்தான். இன்று கைக்கு வேலையைத் திருப்பித் தந்திருப்பதும் அதே வினைல்தான். எதைப் பழகினாலும் கை சுத்தமாகப் பழகுங்கள் என்பதே மாணவச் செல்வங்களுக்கு நான் சொல்லக்கூடியது. கருவிகள் மாறும், பழகிய கைக்கு வழி பிறக்கும்.

எல்லோரும் நலமாக இருங்கள். ஹெல்மெட் போட்டு ஓட்டுங்கள். அதிலும் ஸ்டிக்கர் ஒட்டலாம், தப்பில்லை!