கண்ணை மறைக்கும் நோயும் வாயை அடைக்கும் பழியும்

நோய்க்குப் பெயரிடும்போதே பிறர்மீது பழி சுமத்துவது மனித வழக்கம். மேகநோய் எனப்படும் சிபிலிசை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சு மக்கள் அதை நேப்பிள்ஸ் நோய் என்றனர். 16ஆம் நூற்றாண்டின் வடமொழி மருத்துவ நூலாகிய பாவப்பிரகாசம் அதனைப் 'பிரங்க ரோகம்', அதாவது பறங்கியர் நோய் என்றது.

இந்நோய் மறைந்து வாழ வல்லது. முதலில் தோன்றும் வலியற்ற புண் தானே ஆறிவிடும். கிருமியோ உடலில் தங்கிவிடும். சில மாதங்களிலோ பல்லாண்டுகள் கழித்தோ அது கண்ணையும் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கக்கூடும். பார்வை மங்கும், நடை தள்ளாடும், அறிவு கலங்கும். 1905இல் ஷாடினும் ஹோப்மனும் அக்கிருமியைக் கண்டறிந்தனர். 1906இல் வாசர்மன் இரத்தச் சோதனையை வகுத்தார். 1910இல் எர்லிக்கின் சால்வர்சான் மருந்து வெளிவந்தது. 1913இல் நொகுச்சியும் மூரும், சித்தம் கலங்கி இறந்தோரின் மூளையிலேயே அக்கிருமி இருப்பதை மெய்ப்பித்தனர்.

இக்கண்டுபிடிப்புகள் நிகழ்ந்த காலத்தில்தான் நம் புதுக்கோட்டை மண்ணின் மகள் சென்னையில் மருத்துவம் பயின்றார். 1886இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், தேவதாசி மரபில் வந்த தாய்க்கு மகள். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக வீற்றிருந்து, 1927இல் தேவதாசி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார். குற்றமறியாத மனைவியரையும் குழந்தைகளையும் மேகநோய் வாட்டுவதை மருத்துவராக எடுத்துரைத்தார். இழிவுக்கு உள்ளாக்கப்பட்ட பெண்களை அவர் பழிக்கவில்லை. அவர்களுக்குப் புகலிடமாக அவ்வை இல்லத்தை நிறுவினார். முழுமையான தடைச் சட்டம் 1947இல் வந்தது.

1943இல் மஹோனி என்னும் அமெரிக்க மருத்துவர் பென்சிலின் இந்நோயைத் தீர்க்கும் எனக் காட்டினார். இன்றும் அதுவே முதன்மை மருந்து. இரத்தச் சோதனையோடு, தேவைப்படும்போது முதுகுத்தண்டு நீரையும் எடுத்துச் சோதிப்பர். கண்ணிலோ நரம்பிலோ நோய் புகுந்திருந்தால் 10 முதல் 14 நாள் வரை பென்சிலினை நரம்பு வழியே செலுத்துவர். ஆயினும் பார்வை நரம்பு கருகிவிட்டால் மருந்து கிருமியைக் கொல்லுமேயன்றி, இழந்த ஒளியை மீட்டுத் தராது. வெட்கத்தால் கடத்தும் ஒவ்வொரு நாளும் கண்ணுக்குக் கேடே.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், அது யார் செய்த பாவம் என்று வினவினர். ஆண்டவரோ பாவக் கணக்குப் பார்க்காமல் பார்வை அளித்தார். நம் இல்லத்திலோ பங்கிலோ ஒருவர் இந்நோயுற்றால், நாமும் காரணம் கேட்டு நில்லாது அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக.