பன்னிரண்டும் எட்டும்: திருத்தணி எல்லைப்புறத்தில் தாயமும் அஷ்டா சம்மாவும்

முன்னுரை

முருகன் மலைக்கோயிலால் பெயர்பெற்ற திருத்தணி, சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தபோது 1953 அக்டோபர் 1இல் உருவான ஆந்திர மாநிலத்தோடு சென்றது. ம.பொ. சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்திற்கும் படாஸ்கர் பரிந்துரைக்கும் பின்னர், 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்திற்கு வந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் இவ்வட்டாரத்தில் ஊர்களின் உரிமையை வரையறுக்க ஆணையமும் சட்டமும் தேவைப்பட்டன. விளையாட்டுகளின் உரிமையையோ, நாட்டுப்புற விளையாட்டுத் தொகுப்புகள் எளிதில் முடிவுசெய்துவிடுகின்றன. தாயம் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் அஷ்டா சம்மா ஆந்திரப் பட்டியலிலும் இடம்பெறுகின்றன. இவ்விரண்டும் எண்ணும் முறையில் ஒரே விதியின் இரு அளவுகள் என்பதையும், தாயக்கட்டையின் வெற்று முகம் அவ்விதியின் தடயம் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

அரங்கும் காயும்

ஆடுவதற்கு வரையும் கட்டங்களுக்குத் தமிழில் 'அரங்கு' என்னும் பழம்பெயர் உண்டு. கல்லாமை அதிகாரத்தின் முதற்குறள் நூலறிவின்றி அவையேறுபவனை அரங்கு இழைக்காமல் வட்டாடுபவனோடு ஒப்பிடுகிறது. புறநானூற்றின் 52ஆம் பாடல், பாழ்பட்ட பொதியிலில் நரைமுதியோர் சூதாடித் தேய்ந்த குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுவதைக் காட்டுகிறது. ஆடியவர் போனபின்னும் ஆட்டத்தின் தடம் தரையில் எஞ்சும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை. ஆனால் தரையில் எஞ்சுவது அரங்கு மட்டுமே. எத்தனை விதை உருட்டினர், எவ்விழுகைக்கு என்ன மதிப்புத் தந்தனர் என்பவை எஞ்சுவதில்லை. ஆய்வுகள் அரங்கையே பெரிதும் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம். எச்.ஜே.ஆர். மர்ரே 1952இல் வெளியிட்ட பலகை ஆட்ட வரலாற்று நூலும் ஆட்டத்தின் நோக்கைக் கொண்டு ஓட்டம், வேட்டை, போர் என்றே வகைப்படுத்தியது.

அரங்கை மட்டும் நோக்கின், ஐந்துக்கு ஐந்து கட்டத் தாயத்திற்கும் அஷ்டா சம்மாவிற்கும் வேறுபாடு காண்பது அரிது. இரண்டிலும் 25 கட்டங்கள். நான்கு பக்கங்களின் நடுக்கட்டங்களிலும் மையத்திலும் குறுக்குக்கோடு. காய் வெளிச்சுற்றின் 16 கட்டங்களைக் கடந்து, எதிர்த்திசையில் உட்சுற்றின் 8 கட்டங்களைக் கடந்து, மையம் புகும். எதிரியின் காயை ஒருமுறையேனும் வெட்டாதவர் உட்சுற்றுக்குள் நுழைய முடியாது என்பதும் இரண்டிலும் பரவலாக உள்ள விதி. குறுக்குக்கோடிட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்டலாகாது. அக்கட்டம் தமிழூர்கள் பலவற்றில் 'மலை' எனப்படும். மையம் புகுந்த காய் 'பழம்' ஆகும். தெலுங்கிலும் அது 'பண்டு' ஆகிறது, பொருளும் பழமே. மலையும் பழமும் முருகன் தலத்திற்கு வாய்த்த சொற்கள் என்று கொண்டு குறியீட்டு விளக்கம் தேடுவோர் உண்டு. காய் பழுப்பது எவ்வூருக்கும் பொதுவான உழவர் பேச்சு என்பதால் அவ்வழிச் செல்லாதிருப்பதே நலம்.

விழுகையின் மதிப்பு

வேறுபாடு உருட்டும் பொருளில் உள்ளது. அஷ்டா சம்மாவில் நான்கு சோழிகள். வாய் மேலாக விழுந்தவற்றின் எண்ணிக்கையே மதிப்பு. நான்கும் மல்லாந்தால் நான்கு, அதாவது சம்மா. நான்கும் கவிழ்ந்தால் எட்டு, அதாவது அஷ்டா. இவ்விரண்டிற்கும் மறு உருட்டல் உண்டு. கன்னட நாட்டின் சவுக்க பாராவும் நான்கிற்கும் எட்டிற்கும் வழங்கும் பெயர்களையே தன் பெயராகக் கொண்டது. தாயத்தை விதைகளால் ஆடும்போது ஆறு சோழிகளோ, ஒருபக்கம் வெள்ளை தெரியத் தேய்த்த ஆறு புளியங்கொட்டைகளோ பயன்படும். ஒன்று மட்டும் மல்லாந்தால் தாயம், ஆறும் மல்லாந்தால் ஆறு, எல்லாம் கவிழ்ந்தால் பன்னிரண்டு. 1, 5, 6, 12 ஆகிய நான்கிற்கும் மறு உருட்டல் உண்டு.

ஒன்றுமே மல்லாராத விழுகைக்குச் சுழி தராமல், முழு எண்ணிக்கையின் இருமடங்கு தருவதே இரண்டிற்கும் பொதுவான விதி. நான்கிற்கு எட்டு, ஆறிற்குப் பன்னிரண்டு. தமிழகத்திலும் நான்கு சோழி கொண்டு ஆடும் வழக்கு இருப்பதால், இவ்விரு அளவுகளையும் மொழியெல்லையோடு பொருத்திவிடவும் இயலாது.

மறு உருட்டல் ஏன் அந்நான்கு எண்களுக்கு மட்டும்? ஆறு விதைகள் 64 வகையில் விழக்கூடும். அவற்றுள் ஒன்றும் மல்லாராதது 1 வகை, ஒன்று மல்லார்வது 6, இரண்டு 15, மூன்று 20, நான்கு 15, ஐந்து 6, ஆறும் மல்லார்வது 1. அரிதாக விழும் இரு முனைகளே பரிசு பெறுகின்றன. நடுவில் அடிக்கடி விழும் 2, 3, 4 ஆகியவை பெறுவதில்லை. வடநாட்டுப் பச்சீசியிலும் ஆறு சோழிகளுள் ஒன்றுமில்லை, ஒன்று, ஐந்து, ஆறு என்னும் அதே நான்கு விழுகைகளே மறு உருட்டல் தருகின்றன. மதிப்புகள் மட்டும் வேறு: ஒன்றுக்குப் பத்து, ஐந்துக்கு இருபத்தைந்து, ஆறுக்கு முப்பது. சோழியும் புளியங்கொட்டையும் இருபக்கமும் சமமாக விழும் என்று உறுதியாகக் கொள்வதற்கில்லை. எனினும் சாய்வு இருப்பின் ஒரு முனை மிகும்போது மறுமுனை குறையுமேயன்றி இரண்டும் ஒருங்கே பெருகா.

பச்சீசி இருபத்தைந்தாலும், அஷ்டா சம்மா எட்டாலும் நான்காலும், தாயம் ஒன்றாலும் பெயர்பெற்றவை. ஆடியவர்கள் தம் ஆட்டங்களை அரங்கால் அன்றி விழுகையாலேயே வேறுபடுத்தினர் என்பதற்கு இப்பெயர்களே சான்று.

வெற்று முகம்

பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிற்கும் நீண்ட முகங்கள் நான்கு. அவற்றுள் மூன்றில் 1, 2, 3 புள்ளிகள், நான்காவது வெறுமை. வடநாட்டுச் சௌபர் ஆட்டத்தின் நீள்பகடையில் 1, 2, 5, 6 போன்ற புள்ளிகள் இடம்பெறும். அங்கு வெற்று முகம் இல்லை. தமிழ்க் கட்டைக்கு மட்டும் அது ஏன் வேண்டியதாயிற்று?

இரு கட்டைகளின் கூட்டுத்தொகையைப் பார்த்தால் விடை தெரிகிறது. 0, 1, 2, 3 என்னும் முகங்களையுடைய இரு கட்டைகள் தரும் தொகை 0 முதல் 6 வரை. ஆறு விதைகள் தருவதும் 0 முதல் 6 வரையே. கட்டைகள் விழும் 16 வகைகளுள் சுழி 1, தாயம் 2, இரண்டு 3, மூன்று 4, நான்கு 3, ஐந்து 2, ஆறு 1 என அமைகின்றன. அளவு மாறினும், நடு உயர்ந்து முனை தாழும் வரிசை அப்படியே நிற்கிறது. வெற்று முகம் இல்லாமல் 1 முதல் 4 வரை புள்ளியிட்டிருந்தால் தொகை இரண்டில் தொடங்கும்; தாயமே விழாது. ஆகவே வெற்று முகத்தைக் கவிழ்ந்த விதையின் உலோக வடிவமாகக் கொள்வது பொருந்தும்.

இதற்கு மறுப்பும் கூறலாம். கட்டையின் பெருந்தொகை ஆறு என்பதால் இருமடங்கான பன்னிரண்டு கட்டையிலேயே தோன்றி, பின்னர் விதைக்குச் சென்றிருக்கலாம். ஆனால் நான்கு சோழி ஆட்டத்தில் எட்டு என்னும் மதிப்பு கட்டையின் துணையின்றியே நிற்கிறது. இருமடங்கு விதி கட்டையைச் சாராமல் வழங்கும்போது, அதைக் கட்டையிலிருந்து பெறவேண்டிய தேவை இல்லை. இது காலமுறையை நிறுவும் சான்று அன்று. அமைப்புமுறைச் சான்று மட்டுமே.

விதை கட்டையாக மாறியபோது ஆட்டத்தின் வேகமும் மாறியது. விதையில் மறு உருட்டல் வாய்ப்பு 64இல் 14, அதாவது ஏறத்தாழ 22 விழுக்காடு. கட்டையில் 16இல் 6, அதாவது 37.5 விழுக்காடு. காயை அரங்கில் இறக்கும் தாயமும் 9.4 விழுக்காட்டிலிருந்து 12.5 ஆக உயர்கிறது. தாயம் விழாமல் நெடுநேரம் காத்திருப்பது விதையாட்டத்தில் மிகுதி. நான்கு சோழியில் நான்கிற்கும் எட்டிற்கும் சேர்த்து 16இல் 2 மட்டுமே என்பதால் மறு உருட்டல் இன்னும் அரிது. ஒரே அரங்கில் ஆடினாலும் இவை மூன்றும் ஆடுவோரின் பொறுமையை மூன்று விதமாகச் சோதிக்கும்.

இன்று கடைகளில் எளிதில் கிடைப்பது ஆறு முகச் சதுரப் பகடை. பச்சீசியைத் தழுவி 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற லூடோவுடன் பரவிய பகடை அது. அதைத் தாய அரங்கில் உருட்டினால் ஒன்று முதல் ஆறு வரை எல்லாம் சமவாய்ப்பில் விழும். பன்னிரண்டு விழவே விழாது. 1, 5, 6 ஆகியவற்றிற்கு மறு உருட்டல் தருவதற்கு அங்கே காரணம் ஏதுமில்லை. பழக்கம் மட்டுமே எஞ்சுகிறது. ஆகவே திருத்தணி போன்ற இருமொழி ஊர்களில் களப்பணி செய்வோர் அரங்கின் படத்தோடு, உருட்டும் பொருள் எத்தனை, எப்பக்கம் எண்ணப்படுகிறது, ஒன்றும் மல்லாராவிடில் எவ்வளவு, அதற்கு எம்மொழிப் பெயர், எவற்றிற்கு மறு உருட்டல் என்பவற்றையும் வீடுதோறும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். தாயம் என்று பெயர் சொல்லி நான்கு சோழி உருட்டும் வீடும், அஷ்டா சம்மா என்று சொல்லித் தாயக்கட்டை உருட்டும் வீடும் அங்கே இருக்கக்கூடும்.